கம்பெனி வீடு

பங்காருபேட்டை
9 ஜூலை 2024

அன்பு ஐடா அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. இட்லிக்கடை அம்மாள் தயவில் வேளைக்குச் சாப்பிடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீ பாதிக் கடிதத்தைக் கேள்வியாகவே எழுத மாட்டாய். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டேராடூனில் மழை தொடங்கிவிட்டதா?

போன் வேண்டாம், கடிதம் எழுது என்று நீ சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அம்மாவை அடக்கம் செய்த வாரத்தில் நான் பேசியதை நீ இன்னும் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பூட்டிக் கிடக்கப்போகிற லைன் வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, விட்டுவிடலாம் என்றேன். நீ சாவியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாய். அந்தப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கவும் இந்தக் கடிதம்.

இன்னொரு செய்தி, வேலை கிடைத்துவிட்டது. மார்ச் வரை ஒப்பந்தம். நம் ஊருக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று தயாராகிறது. அடுத்த இருபது வருடங்களுக்கு எந்த இடத்தில் என்ன இருக்கலாம் என்று சொல்லும் ஆவணம். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், தொழிற்சாலைகளுக்கு ஊதா என்று வரைபடத்தில் நிறம் உண்டு. அதைத் தொகுப்பது என் வேலை. பரத் என்பவர், ஷிமோகாக்காரர், வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிக்கொண்டு வருகிறார். நான் குறியீடு போட்டு அட்டவணையில் ஏற்றுகிறேன்.

நம் ஊரிகம் பக்கம் போனபோது அவரைக் கேலி செய்துவிட்டார்களாம். “யார மனெ இது?” என்று கன்னடத்தில் கேட்டால், டிம்பர் யார்டு லைனில் எல்லாரும் “கம்பெனி வீடு” என்றார்களாம். “யாவ கம்பெனி?” என்று கேட்டிருக்கிறார். நம் பக்கத்து வீட்டு முனிரத்தினம் மாமா, “இன்னா சார், கேஜிஎப்புக்கு வந்து எந்த கம்பெனின்னு கேக்கறீங்க! ஊட்டுக்குப் போயி உங்க அம்மாவ கேளுங்க” என்றாராம். நம் தங்கச் சுரங்கக் கம்பெனியைத் தெரியாத ஒரு ஆள்! நான் சிரித்த சிரிப்பில் எங்கள் அதிகாரி மனோகர் சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
லவினா


டேராடூன்
28 ஜூலை 2024

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

முழங்கால் என்னோடுதான் இருக்கிறது. மாடிப்படியைக் கண்டால் மட்டும் முணுமுணுக்கிறது. வேலை கிடைத்ததற்கு ஸ்தோத்திரம். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அன்றைக்கு நீ சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்குத்தான் மனசு இல்லை.

வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்று கேட்பாய். அதில் நீ ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டாய், அந்த வரியும் பொம்மையாக இருக்கும். கடிதமே எழுது. பேர்களைத் தெளிவாக எழுது.

இங்கே மழைதான். நேற்று மத்தியானம் ஜன்னலைப் பார்த்துத்தான் மழை பெய்கிறது என்று தெரிந்துகொண்டேன். விடுதிப் பிள்ளைகள் இந்த வருஷம் ரொம்ப அமைதி.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. ஏப்ரலில் நான் ஊருக்கே வந்துவிடப் போகிறேன். விடுமுறைக்கு இல்லை, இருப்பதற்கு. நம் வீட்டுப் பின்பக்கம் ஒரு சின்ன அறையும் கக்கூஸும் கட்ட வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பொதுக் கக்கூஸுக்கு வரிசையில் நிற்க என்னால் ஆகாது. அனுமதிக்கு யாரைப் பார்க்க வேண்டும், என்ன காகிதம் வேண்டும், விசாரித்து எழுது. ஏன் வருகிறாய் என்று கேட்காதே. வருகிறேன், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்பதை நம்பவில்லை.

ஐடா


பங்காருபேட்டை
11 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

உனக்குச் சுகம் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நடுவில் இரண்டு கார்டு மட்டும் போட்டுவிட்டு மூன்று மாதம் இழுத்தடித்ததற்குப் பொறுத்துக்கொள். ஆவணம் என்னைத் தின்றுவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், முப்பத்தாறு வரைபடம். பொருளடக்கத்தை மட்டும் ஏழு முறை மாற்றினேன். வேலைக்குப் போகும் ரயிலில் படிக்கிற நாவலை ஊரிகம் ஸ்டேஷனில் மூடினால் மறுநாள்தான் திறக்கிறேன். யார் இறந்தார், யாருக்குக் கல்யாணம் என்பதே குழம்பிவிடுகிறது.

வரைவு அச்சாகிவிட்டது. ஒரு பிரதி மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டது. வரைபடங்களை எங்கள் அலுவலகக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். ஜனங்கள் வந்து தங்கள் இடத்தைத் தேடுகிறார்கள். முனிரத்தினம் மாமாவும் மாலா அத்தையும் வந்தார்கள். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு வரைபடத்தில் படுகிற அளவுக்குப் பார்த்தார்.

“லவினா, நம்ம லைன் எங்கம்மா?”

காட்டினேன்.

“இது இன்னா கலரு, கத்திரிக்கா மாரி?”

அக்கா, டிம்பர் யார்டு லைன் முழுவதும் ஊதாவில் இருக்கிறது. அறுபத்திரண்டு வீடும். தொழிற்சாலை நிலம் என்று பதிவாகியிருக்கிறது. ஒரு பிழை நேர்ந்துவிட்டது. இது இப்படியே உறுதியானால் அங்கே வீடு சம்பந்தமாக எந்த அனுமதியும் கிடைக்காது. உன் அறைக்கும் கிடைக்காது, கக்கூஸுக்கும் கிடைக்காது. நாளைக்கு யாராவது தொழிற்சாலை கட்ட வந்தால், இங்கே வீடே கிடையாது என்று இந்த ஆவணத்தைக் காட்டலாம்.

ஜனவரி 20 வரை ஆட்சேபணை கொடுக்க அவகாசம் இருக்கிறது. சரியாகிவிடும். நீ கவலைப்படாதே. குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்.

லவினா


டேராடூன்
2 டிசம்பர் 2024

லவினாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் இரு.

“பிழை நேர்ந்துவிட்டது” என்றால் என்ன அர்த்தம்? அது என்ன மழையா, தானாகப் பெய்ய? எந்த மடையன் செய்தான்? அறுபத்திரண்டு வீட்டில் துணி காய்கிறது, ஆடு கட்டியிருக்கிறது, டிவி ஓடுகிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தொழிற்சாலை என்று எழுதினானா? அந்த ஷிமோகாக்காரரா? பேரைச் சொல், நானே அவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன்.

சரி, அது போகட்டும். எல்லாம் உன் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது? ஒரு தட்டுத் தட்டி மஞ்சளாக்கிவிடு. யாருக்குத் தெரியப்போகிறது?

லவினா, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏப்ரலில் விடுதி அறையைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு வருஷத்தில் எனக்கென்று வேறு இடம் எதுவும் நான் சேர்க்கவில்லை. அந்த வீடு ஒன்றுதான்.

கிறிஸ்மஸுக்குப் புது உடை எடுத்துக்கொள்.

ஐடா


பங்காருபேட்டை
27 டிசம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

பண்டிகைக்குப் பச்சைப் பூப்போட்ட சுடிதார் எடுத்தேன். ஆராதனை முடிந்து எல்லாரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். நீ சுகமாகப் பண்டிகை கொண்டாடினாயா?

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். நீ கேட்ட மடையனின் பெயர் லவினா.

பரத் மேல் ஒரு தவறும் இல்லை. “இந்த இடம் எதற்குப் பயன்படுகிறது” என்ற கட்டத்தில் ஜனங்கள் சொன்னதை அப்படியே எழுதினார், கம்பெனி வீடு என்று. எங்கள் குறியீட்டுப் பட்டியலில் கம்பெனி, பட்டறை, ஆலை எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து. நான் ஆயிரத்துச் சொச்சம் படிவங்களை வைத்துக்கொண்டு, “கம்பெனி” என்று இருந்ததையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, அந்த எழுத்தை ஒரே அடியில் போட்டேன். அறுபத்திரண்டு படிவம். நம் வீட்டுப் படிவமும் அதில் இருந்தது, முனிரத்தினம் மாமா சொல்லி எழுதியது.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் நின்றிருப்பாள். மூடி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்ட கம்பெனிக்கு ஏது வீடு என்று கேட்டிருப்பாள். பரத் கேட்டாரே, நான் சிரித்தேனே. நமக்கு அந்த வார்த்தை குழாய்த் தண்ணீர் மாதிரி. யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. வீடு யாருடையது என்பது வேறு கேள்வி, அங்கே என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் நாம் ஒரே பதிலைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

நீ சொன்னபடி ஒரு தட்டுத் தட்டியும் பார்த்தேன். மஞ்சளாகிவிட்டது, பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழையபடி மாற்றினேன். மாவட்டத்தில் இருக்கும் பிரதியில் ஊதாதானே இருக்கிறது? இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மொத்த ஆவணமும் சந்தேகத்துக்கு ஆளாகும். ஆட்சேபணை வழியாக மாறினால்தான் அந்த மஞ்சளை யாரும் கேள்வி கேட்க முடியாது.

மனோகர் சாரிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். திட்டி எழுது, ஆனால் எழுது.

லவினா


பங்காருபேட்டை
14 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. சுகம்தானே? தினமும் எங்கள் அலுவலகத்துக்கு வரும் தபால்காரரை ஊரிகம் பாலத்தடியிலேயே மறித்துக் கேட்கிறேன். அவர் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார்.

மனோகர் சாரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார். “லைன் ஜனங்களிடம் யார் சொல்வது?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு மத்தியானம் லைன் குழாயடியில் கூடினோம். உனக்குத் தெரியும், நாலு பேர் முன்னால் ஜெபம் செய்யச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். ஆபீஸ்காரர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று ராஜ்குமார் அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, “ஆபீஸ்காரர்கள் இல்லை, நான்தான்” என்றேன்.

குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

மாலா அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். “தோ பாரு, இந்தப் பொண்ணு பொய்யா எழுதல. நாம சொன்னத எழுதிச்சி. எங்க ஆளு அந்த சார்கிட்ட இன்னா சொன்னாரு, கேளுங்க.”

முனிரத்தினம் மாமா தலையைச் சொறிந்தார். “அம்பது வருஷமா அப்படித்தான் சொல்லிக்கினு கீறேன். திடீர்னு என் வூடுன்னு சொன்னா, வாய் ஒத்துழைக்கணுமே.”

“அரிசி வாங்க என் வூடு என் வூடுன்னு கார்டு காட்டறீங்களே, அப்ப வாய் ஒத்துழைக்குதா?” என்றார் அத்தை.

சிரிப்பில் எல்லாம் உடைந்தது. அன்றைக்கே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். ராஜ்குமார் அண்ணனுக்கு மட்டும் கோபம் இன்னும் ஆறவில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவர் உரிமை. வேடிக்கை என்னவென்றால், வந்த முதல் நான்கு ஆட்சேபணைகளிலும் “எங்கள் கம்பெனி வீட்டை ஊதாவாக்கியது தவறு” என்றுதான் எழுதியிருந்தது. திருப்பிக் கொடுத்து, யார் யார் இருக்கிறீர்கள், எத்தனை வருடமாக, எங்கே சமைக்கிறீர்கள், அதை எழுதுங்கள் என்றேன்.

இன்றைக்கு மாலா அத்தை பொங்கல் கொடுத்தனுப்பினார். முந்திரி எல்லாம் அடியில். அறுபத்தோரு ஆட்சேபணை சேர்ந்துவிட்டது. பூட்டியிருக்கிற கதவு எண் 27 மட்டும் பாக்கி. சாவி இருப்பவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எழுது அக்கா.

லவினா


டேராடூன்
9 ஜனவரி 2025

பெறுநர்
நிலப் பயன்பாட்டுத் திட்ட அலுவலர் அவர்கள்

பொருள்: ஊரிகம், டிம்பர் யார்டு லைன், கதவு எண் 27. வீடுகள் தொழிற்சாலை நிலமாகக் காட்டப்பட்டதற்கு ஆட்சேபணை.

மதிப்புக்குரிய ஐயா,

மேற்படி வீட்டில் நான் பிறந்தேன். என் பெற்றோர் அங்கேதான் இருந்து இறந்தார்கள். இரண்டு வருடமாகப் பூட்டியிருக்கிறது. பூட்டிய வீடும் வீடுதான் என்று கருதுகிறேன்.

வரும் ஏப்ரலில் நான் அங்கே குடியேறுகிறேன். காரணத்தையும் எழுதுவது முறை என்று நினைக்கிறேன். எனக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. இடது காது முழுவதும் போய்விட்டது. நான் ஒரு பள்ளி விடுதியில் நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர். சென்ற ஏப்ரலில் ஒரு பிள்ளை மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்து, என்னை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். நான் திரும்பாமல் இறங்கிப் போனேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இந்தக் கல்வியாண்டோடு போதும் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

அந்த வீட்டில் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம் இல்லை. மாரிக்குப்பம் ரயில் போனால் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். பக்கத்து வீட்டில் மிளகாய் இடித்தால் நடுச்சுவரில் கை வைத்தால் தெரியும். வேறு எந்த ஊரிலும் இதையெல்லாம் நான் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.

வீடு யாருடையது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அங்கே யார் இருப்பது என்று கேட்டால், நான் இருப்பேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அட்டவணையில் தவறாக ஏற்றிய ஊழியரைத் தண்டிக்க வேண்டாம். அந்த லைனில் பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் ஏற்றியிருப்பார்கள். நானும்தான்.

இப்படிக்கு,
ஜெ. ஐடா


ஊரிகம்
18 ஜனவரி 2025

அக்கா,

மத்தியானத் தபாலில் வந்தது. முத்திரை குத்தி, ஆட்சேபணை எண் 62 என்று எழுதி, பதிவேட்டில் ஏற்றினேன். தமிழில் வருவதைக் கன்னடத்தில் பெயர்த்து இணைக்க வேண்டும், அதுவும் என் வேலைதான். அதனால் உன் ஒவ்வொரு வரியையும் நான் இரண்டு முறை எழுதினேன். “மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள்” என்ற இடத்தில் பரத்தைக் கூப்பிட்டு, கன்னடத்தில் சரியா என்று கேட்டேன். சரியாகத்தான் இருந்தது.

கோபத்தில் போனை நிறுத்தினாய் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்து மழையைத் தெரிந்துகொண்டேன் என்று எழுதியிருந்தாயே, அழகான வரி என்று அதைத் திரும்பப் படித்தேன் அக்கா. இவ்வளவு புத்தகம் படித்து என்ன பிரயோஜனம்!

டாக்டர் என்ன சொல்கிறார், வலி இருக்கிறதா, தனியாகவா போகிறாய், எல்லாம் எழுது.

லவினா


டேராடூன்
8 பிப்ரவரி 2025

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் மை கரைந்திருந்தது. அது டேராடூன் பனி என்று வைத்துக்கொள்கிறேன்.

வலி இல்லை. மெஷின் வாங்கியிருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டால் எல்லாரும் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. பிரின்சிபாலின் பேச்சு அப்படிக் கேட்பதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. வலது காது இன்னும் சில வருஷம் கூட வரும் என்கிறார் டாக்டர்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்பாய். ஆபீசுக்கு எழுதினால் நீதான் படிப்பாய் என்று தெரியும். உனக்கென்று எழுதக் கை வரவில்லை. யாரோ ஒரு ஐயாவுக்கு எழுதுவது சுலபமாக இருந்தது.

பக்கெட் மேல் ஏறிப் பேசினாயாமே! அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

ஒரே ஒரு கவலை. கதவு. யாராவது வந்து தட்டினால் எனக்குத் தெரியாது. ஜெயகரன் வீட்டு வாசலில் ஆள் நின்று நின்று திரும்பிப் போனார்கள் என்ற பேர் அப்பாவுக்கு வரக்கூடாது. விசாரணை முடிந்ததும் எழுது.

ஐடா


ஊரிகம், டிம்பர் யார்டு லைன்
16 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

மேலே இருக்கும் முகவரியைப் பார்த்தாயா? மாலா அத்தை பெயருக்கு நீ அனுப்பிய சாவி வந்து சேர்ந்தது. நான் நலம், தும்மல் மட்டும். இரண்டு வருடத் தூசி.

விசாரணை சென்ற மாதம் 27ஆம் தேதி நடந்தது. மூன்று அதிகாரிகள். முனிரத்தினம் மாமா இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் இருந்தார். ஒரு வாரமாகப் பாடம் செய்திருந்தார். நடுவில் இருந்த அம்மையார் கன்னடத்தில் அவரிடம் கேட்டார், “இது யார மனெ?”

மாமா நிமிர்ந்து நின்று, “கம்பெனி மனெ, மேடம்” என்றார்.

கூடம் முழுவதும் “அய்யோ” என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாலா அத்தை எழுந்தார். “மேடம், நீங்க கேக்கறதே தப்பு. கம்பெனி வந்து எங்க வூட்ல சமைக்குதா? துணி தொவைக்குதா? அங்க யாரு தூங்கறாங்க, அத கேளுங்க.”

அந்த அம்மையார் சிரித்துவிட்டார். பிறகு அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொருவரிடமும் கேட்டார். எண் 62 முறை வந்தபோது நீ இல்லாததால் மொழிபெயர்ப்பைப் படிக்கச் சொன்னார்கள். நான்தான் படித்தேன். கடைசிப் பத்தியில் ஒரே வரியை இரண்டு முறை படித்துவிட்டேன். ராஜ்குமார் அண்ணன் பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அறுபத்திரண்டும் ஏற்கப்பட்டன. பெங்களூரிலிருந்து இறுதி ஒப்புதல் வர வேண்டும். ஆனால் திருத்திய வரைபடம் முத்திரையோடு போய்விட்டது. அறையும் கக்கூஸும் கட்ட மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒப்புதல் வந்த அன்றைக்கே கொடுப்பேன். பின்னிணைப்பில் திருத்தங்களுக்கு ஒரு பக்கம் உண்டு. யார் செய்த பிழை, எப்படி நேர்ந்தது என்று என் பெயரைப் போட்டே எழுதினேன். மனோகர் சார் ஒரு சொல்லும் மாற்றவில்லை. என் ஒப்பந்தத்தை மூன்று மாதம் நீட்டியிருக்கிறார். அடுத்த வார்டுக்கான படிவத்தில் “இங்கே யார் வசிக்கிறார்கள்” என்று ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது.

இப்போது கதவு விஷயம். எலக்ட்ரீஷியன் ரோனியைக் கூட்டி வந்து வெளியே நிலைக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். அழுத்தினால் முன்னறையில் ஒன்று, சமையல்கட்டில் ஒன்று, மஞ்சள் பல்பு எரியும். என்ன கலர் வேண்டும் என்று ரோனி கேட்டான். அதற்கு யோசிக்கவே இல்லை.

இன்று காலை முனிரத்தினம் மாமா வெளியே நின்று சுவிட்சை அழுத்திப் பார்த்தார். “எரியுதா?” என்று கத்தினார். “எரியுது மாமா!” என்று உள்ளிருந்து கத்தினேன். சுரங்கத்தில் முப்பது வருடம் வெடிச்சத்தம் கேட்ட காது அவருடையது. நான் சொன்னது கேட்கவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும். கடைசியில் கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டு, காட்டினேன்.

உன் வரவுக்கு வீடு கழுவி வைத்திருக்கும்
லவினா